படத்தைப் பகிர்கிறோம், மகளைத் தடுக்கிறோம்



2025 செப்டம்பர் 7 அன்று பாங்காக்கில் நடைபெற்ற மகளிர் உலகக் கைப்பந்து சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில், இத்தாலி 3-2 என்ற கணக்கில் துருக்கியை வென்றது. 32 நாடுகள் பங்கேற்ற அத்தொடரில் எகிப்தும் ஆடியது. அன்றிரவு திருவானைக்காவலில் உள்ள எங்கள் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழைய படம் ஒன்று மீண்டும் வலம் வந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கின் கடற்கரைக் கைப்பந்து ஆட்டம் அது. வலையின் ஒருபுறம் நீச்சலுடையில் ஜெர்மனி வீராங்கனை; மறுபுறம் ஹிஜாபுடன் எகிப்தின் துஆ அல்கபாஷி. 'மாஷா அல்லாஹ்' என்னும் சொல் மழையாய்ப் பொழிந்தது.

அதே வாரம், அதே குழுவில், எட்டாம் வகுப்பு படிக்கும் தம் மகளைப் பள்ளிக் கைப்பந்து அணியிலிருந்து விலக்கிவிட்டதாக ஓர் அத்தா எழுதினார். அதற்கும் 'மாஷா அல்லாஹ்' என்றே பதில் வந்தது. இந்த முரண்பாட்டைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை.

அந்தப் படம் எளிதாகப் பிறந்ததன்று. ஒரு காலத்தில் கடற்கரைக் கைப்பந்தில் பெண்களுக்கு நீச்சலுடையே விதியாக இருந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கிற்குச் சற்று முன்னர்தான் சர்வதேசக் கைப்பந்துக் கூட்டமைப்பு அவ்விதியைத் தளர்த்தியது. அதன் பயனாகவே 19 வயதுப் பெண் ஒருவர், முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் தலைமறைப்பும் அணிந்து ரியோவில் களம் காண முடிந்தது. அந்த ஆட்டத்தில் எகிப்து தோற்றது. ஆனால் ஆடையைத் துறக்காமலும் ஆட்டத்தைத் துறக்காமலும் ஒரு முஸ்லிம் பெண்ணால் களத்தில் நிற்க முடியும் என்பது நிலைபெற்றது.

பிரான்சிலோ உள்நாட்டுக் கைப்பந்துப் போட்டிகளில் ஹிஜாபுக்குத் தடை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துஆ ஹிஜாபுடன் ஆடினார். பிரான்சு நாட்டு வீராங்கனைகளுக்கோ அந்த உரிமை இல்லை. அதை அநீதி என்கிறோம், சரியே. 'முக்காட்டைக் கழற்றினால்தான் ஆடலாம்' என்கிறது அந்நாடு. 'முக்காடு அணிந்துவிட்டாய், இனி ஆடாதே' என்கிறோம் நாம். அங்கும் இங்கும் களத்தை இழப்பவள் ஒரே பெண்தான்.

"அந்நிய ஆண்கள் பார்ப்பார்களே" என்பர். ஸூரா அந்நூரின் 30ஆம் வசனம் பார்வையைத் தாழ்த்துமாறு முதலில் ஆண்களையே பணிக்கிறது. பெண்களுக்கான கட்டளை அடுத்த வசனத்தில்தான் வருகிறது. முதல் கட்டளையை நம் மகன்களுக்குக் கற்பிக்காமல், இரண்டாவதின் சுமையை மட்டும் மகளின் தோளில் ஏற்றுவது நீதியா? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதை அபூதாவூத் நூலில் காண்கிறோம். ஜும்ஆ மேடையில் அதைக் கேட்டு மகிழும் நாம், வீடு திரும்பியதும் மறந்துவிடுகிறோம்.

எல்லாவற்றுக்கும் அனுமதி என்று நான் கூறவில்லை. ஆடை வரம்பு வேண்டும். தொழுகை நேரம் காக்கப்பட வேண்டும். பெண் பயிற்சியாளர் இருப்பின் நலம். இவற்றைப் பள்ளியிடம் கேட்டுப் பெறுவதே பெற்றோரின் கடமை. முழுக்கைச் சீருடைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். நம் ஊர் மகளிர் கல்வி நிலையங்களின் சுற்றுச்சுவருக்குள் மாலையில் ஒரு வலை கட்டித் தருமாறு ஜமாஅத் வழியாகக் கோருங்கள். கேட்டுப் பார்க்காமலேயே மகளை விலக்குவது பேணுதல் அன்று, சோம்பல்.

நாற்பது வயதிலேயே சர்க்கரை நோயும் மூட்டுவலியுமாய்த் தளரும் நம் வீட்டுப் பெண்களை நினைத்துப் பாருங்கள். உடலும் அல்லாஹ் தந்த அமானிதமே. அது குறித்தும் மறுமையில் கேள்வி உண்டு.

அடுத்த முறை அந்தப் படம் வரும்போது, பகிரும் முன் உங்கள் மகளின் முகத்தை ஒருமுறை பாருங்கள். நீதியுடன் நடக்கும் பெற்றோராய் நம்மை ஆக்கி வைக்க வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக. ஆமீன்.