கட்டமிட்ட ஆடையும் கைவிட்ட மொழியும்

ஸ்காட்லாந்து என்றதும் மனக்கண்ணில் எழும் காட்சி பெரும்பாலும் ஒன்றே. முழங்கால்வரை மடிப்பு வைத்த கட்டமிட்ட ஆடை. தோளில் சாய்ந்த பைக்குழல். பின்னணியில் பனி மூடிய மலை. எடின்பரோ நகரின் கடைத்தெருவில் இக்காட்சி பொம்மைகளாகவும் தேநீர்க் கோப்பைகளாகவும் விற்கப்படுகிறது. மணநாளில் மணமகன் அணிவது ‘கில்ட்’ எனப்படும் அந்த ஆடைதான்; கால்பந்துப் போட்டிக்குச் செல்லும் இளைஞன் பெருமையுடன் உடுத்துவதும் அதுவே. அதற்குரிய ‘டார்ட்டன்’ என்னும் கட்டமிட்ட கம்பளித் துணியின் வடிவங்களைப் பதிவுசெய்ய அந்நாட்டு நாடாளுமன்றம் 2008ஆம் ஆண்டு தனிச்சட்டமே இயற்றியது. ஓர் ஆடை ஒரு நாட்டின் அடையாளமாகிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனினும், இவ்வாடை ஸ்காட்லாந்து மக்கள் அனைவர்க்கும் தொன்றுதொட்டு உரியதன்று. அந்நாடு நெடுங்காலம் இரண்டு உலகங்களாகப் பிரிந்து கிடந்தது. தெற்கிலும் கிழக்கிலும் அமைந்த தாழ்நிலத்தார் ஆங்கிலத்திற்கு உறவான ஸ்காட்ஸ் மொழியைப் பேசினர்; நகரங்களையும் பல்கலைக்கழகங்களையும் வளர்த்தனர். வடக்கிலும் மேற்கிலும் உள்ள மலைகளிலும் தீவுகளிலும் வாழ்ந்த மேட்டுநிலத்தாரோ, ஐரிஷ் மொழிக்கு உடன்பிறப்பான கேலிக் மொழியைப் பேசினர், குலத்தலைவர்களின்கீழ் வாழ்ந்தனர். ‘கிளான்’ என்னும் கேலிக் சொல்லுக்கு மக்கள், பிள்ளைகள் என்பது பொருள். தலைவன் தந்தை, குலத்தார் பிள்ளைகள் என்னும் உணர்வு அச்சொல்லிலேயே உறைந்திருக்கிறது. கட்டமிட்ட போர்வையை இடுப்பில் வரிந்து கட்டியவர்கள் இவர்களே. தாழ்நிலத்தார் அவ்வாடையைக் கள்வர் ஆடையெனவும் கல்லார் ஆடையெனவும் இகழ்ந்தனர்.

1746ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், குலோடன் என்னும் வெட்டவெளியில் மேட்டுநிலப் படை அரசுப் படையிடம் தோற்றது. ஒரு மணி நேரம்கூட நீடிக்காத அப்போர் ஒரு சமூகத்தின் முதுகெலும்பை முறித்தது. அவ்வாண்டே, மேட்டுநில ஆடையை ஆண்கள் அணிவது குற்றம் என நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. முதன்முறை மீறியவருக்கு ஆறு மாதச் சிறை. மறுமுறை மீறியவருக்கு ஏழாண்டு நாடுகடத்தல். அரசின் படையில் சேர்ந்தவர்க்கு மட்டும் இத்தடை இல்லை. தன் ஊரில் உடுத்தினால் குற்றவாளி, மன்னனுக்காகப் போரிடச் செல்லும்போது உடுத்தினால் வீரன் என்னும் விந்தை நிலை முப்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது. 1782இல் தடை விலக்கப்பட்டபோது, அவ்வாடையால் அஞ்சத்தக்கது எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

அஞ்சத்தக்கதாக இல்லாமற் போனபின்புதான் அது அழகாயிற்று. 1822ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். ஏறத்தாழ 170 ஆண்டுகளாக ஆட்சியிலிருந்த மன்னர் எவரும் ஸ்காட்லாந்து மண்ணில் கால்வைத்ததில்லை. விழா ஏற்பாட்டைப் புதின ஆசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்றார். அவரோ தாழ்நிலத்தார். அவருடைய கற்பனையில் நகரம் முழுவதும் டார்ட்டன் பூண்டது. மன்னரும் 1,300 பவுண்டுக்கு மேல் செலவிட்டுத் தைத்த கில்ட் அணிந்து, குளிருக்கோ கூச்சத்திற்கோ இளஞ்சிவப்புக் காலுறையும் மாட்டிக்கொண்டு காட்சியளித்தார். நெசவாலைகளுக்கு நல்ல காலம் பிறந்தது. எண்ணிட்டு விற்கப்பட்ட துணி வடிவங்கள் சிலவற்றுக்கு இக்காலத்தில் குலப்பெயர்கள் சூட்டப்பட்டன.

அந்த அணிவகுப்பில் கிளென்கேரி குலத்தலைவர் மெக்டோனலும் இருந்தார். மேட்டுநிலத்தாரின் உடையையும் மொழியையும் இசையையும் காப்பதற்கென 1815இல் சங்கம் நிறுவியவர் அவர். தம் நிலத்திலிருந்து குடியானவர்களை வெளியேற்றியவரும் அவரே. அவர் ஒருவரோடு அது நிற்கவில்லை. செம்மறியாட்டுப் பண்ணைகள் மிகுந்த குத்தகை தந்தமையால், மேட்டுநிலம் எங்கும் தலைவர்கள் தம் ‘பிள்ளைகளை’ப் பள்ளத்தாக்குகளிலிருந்து அகற்றினர். சதர்லாந்துப் பகுதியின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814இல் வீடுகளின் கூரைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. மக்கள் கடற்கரைக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சிதறினர். நகரத்தில் ஆடைக்கு விழா எடுத்த அதே தலைமுறையில்தான் அவ்வாடைக்கு உரியவர்கள் மண்ணை இழந்தனர்.

வரலாற்றறிஞர் டிரெவர்-ரோப்பர், 1983இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், இன்றைய கில்ட்டின் குட்டை வடிவம் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேய இரும்பாலை உரிமையாளர் ஒருவர் வகுத்தது என்றும், குலத்திற்கொரு டார்ட்டன் என்பது பிற்காலப் புனைவு என்றும் வாதிட்டார். அதை மறுத்தவரும் உளர். இவ்வழக்கில் யார் வென்றாலும், ஆடையின் பெருமையைப் போலி என ஒதுக்குவது முறையன்று. எல்லா மரபும் ஏதோ ஒரு நாளில் எவரோ தொடங்கியதுதான். 1707இல் தன் நாடாளுமன்றத்தை இழந்து, 1999இல்தான் மீண்டும் பெற்ற ஒரு நாடு, இடைப்பட்ட காலத்தில் தன்னைத் தனித்துக் காட்ட ஓர் அடையாளத்தைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. குறை சொல்ல வேண்டிய இடம் வேறு: ஆடையை எடுத்துக்கொண்டவர்கள் மொழியை விட்டுவிட்டார்கள்.

கேலிக் மொழி தானாகத் தேய்ந்ததன்று. 1616ஆம் ஆண்டிலேயே, ஊர்தோறும் ஆங்கிலப் பள்ளி அமைத்து அம்மொழியை அகற்ற வேண்டும் என ஸ்காட்லாந்தின் அரசவை ஆணையிட்டது. கல்வியைக் கட்டாயமாக்கிய 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் கேலிக் என்னும் சொல்லே இடம்பெறவில்லை. வீட்டு மொழியைப் பள்ளியில் பேசிய சிறுவர்கள் சில இடங்களில் தண்டிக்கவும் பட்டனர். 1891ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2,50,000 ஆக இருந்த கேலிக் பேசுவோர் தொகை, 2011இல் ஏறத்தாழ 57,000 ஆகச் சுருங்கியது.

‘கேலிக் எம் முன்னோர் மொழியன்று, அதற்கு ஏன் எம் வரிப்பணம்?’ என்று தாழ்நிலத்தார் சிலர் இன்றும் கேட்கின்றனர். ராபர்ட் பர்ன்ஸ் பாடிய ஸ்காட்ஸ் மொழியன்றோ எமது மொழி என்பது அவர்தம் வாதம். அதில் நியாயம் உண்டு. ஸ்காட்ஸ் மொழியும் கொச்சை ஆங்கிலம் எனப் பள்ளிகளில் பழிக்கப்பட்டதே. ஆயினும் கில்ட்டும் அவர்களுடைய முன்னோர் ஆடையன்று. ஆடையை ஏற்கும்போது எழாத ஐயம் மொழியை ஏற்கும்போது மட்டும் எழுவதேன்? ஆடையைக் கடையில் வாங்கிவிடலாம், வாடகைக்கும் பெறலாம். மொழிக்குப் பள்ளியும் ஆசிரியரும் பல்லாண்டுப் பொறுமையும் வேண்டும். அடையாளத்தின் எளிய பகுதி விழாக்கோலம் கொள்கிறது. கடினமான பகுதி செலவுக் கணக்கில் வைத்துப் பார்க்கப்படுகிறது.

ராசே தீவில் 1911இல் பிறந்த சோர்லி மெக்லீன், ஆங்கில இலக்கியம் பயின்றும் கேலிக்கிலேயே கவிதை எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்கள் வெளியேற்றப்பட்ட ஹலைக் என்னும் ஊரைப் பாடிய அவரது கவிதை, அம்மொழி அறியாதாரையும் அதன்பால் திருப்பியது. 1985இல் கிளாஸ்கோவிலும் இன்வர்னசிலும் கேலிக் வழிக்கல்வி தொடங்கியது. 2005இல் மொழிக்கெனச் சட்டம் வந்தது; 2025இல் நிறைவேறிய மற்றொரு சட்டம் கேலிக்கையும் ஸ்காட்சையும் அலுவல் மொழிகளாக ஏற்றது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கேலிக் பேசுவோர் தொகை ஏறத்தாழ 70,000 ஆக உயர்ந்தது.

இவ்வுயர்வு அம்மொழியின் தாயகத்தில் நிகழவில்லை. மேற்குத் தீவுகளில் கேலிக் பேசுவோர் முதன்முறையாக மக்கள்தொகையில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டனர். நகரத்துக் குழந்தை வகுப்பறையில் அம்மொழியைக் கற்கிறது. தீவுகளிலோ பாட்டி பேசுவதைக் கேட்டு வளரும் குழந்தைகள் குறைந்துவருகின்றனர். வேலை தேடி இளைஞர்கள் வெளியேறுகின்றனர். வீடுகள் பல, கோடையில் மட்டும் திறக்கும் விடுமுறை இல்லங்களாகிவிட்டன. முன்பு ஆடுகளுக்காக மக்கள் அகன்ற நிலம் அது. இளங்குடும்பங்கள் தங்குவதற்கு வீடும் பிழைப்புக்கு வேலையும் வேண்டும் என்பதே, பாடநூல்களுக்கும் பெயர்ப்பலகைகளுக்கும் முன்னதாக அத்தீவு மக்கள் அரசிடம் வைக்கும் கோரிக்கை.