இரண்டு உயிர், அரைப்பேர்

தாய் மரணத்தைக் குறைத்த நாடுகளின் வரிசையில் இலங்கைக்குத் தனியிடம் உண்டு. 1930களில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமான தாய்மார் உயிரிழந்த இத்தீவில், 2019ஆம் ஆண்டில் அத்தொகை ஏறத்தாழ முப்பதாக இறங்கியிருந்தது. செல்வம் கொழிக்கும் நாடுகளும் வியக்கும் சாதனை இது. இலவச வைத்தியம், இலவசக் கல்வி, கிராமத்தின் கடைசிக் குடிசை வரை நடந்து சென்ற அரசாங்க மருத்துவமாதின் உழைப்பு ஆகிய மூன்றும் கூடியே இதனைச் சாதித்தன. இதனை நாம் மனமாரப் போற்றுகிறோம்.

ஆயினும், சராசரி என்பது கடற்கரையையும் மலையையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தெடுத்த எண். பதுளைக்கு மேலே, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, பூனாகலை, ஹப்புத்தளை மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண்ணை அவ்வெண்ணில் காண முடியாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டைப் புரட்டுவோம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற வளர்த்தியற்றோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் நூற்றுக்கு 32 பேர். நிறை குறைந்து பிறக்கும் குழந்தைகள் தோட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று. பிறந்த குழந்தையின் நிறையைத் தராசு காட்டும். அது குறைந்ததன் காரணத்தைத் தாயின் பத்து மாத உணவிலும் உழைப்பிலும்தான் தேட வேண்டும்.

தேடுவோருக்கென்று ஆயத்தமான விடையொன்று நெடுங்காலமாகவே உண்டு. “தோட்டத்துப் பெண்களுக்கு அறிவு போதாது. இளவயதிலே மணம் முடிப்பார்கள், கிளினிக்குக்கு வரமாட்டார்கள், பழைய வழக்கங்களை விடமாட்டார்கள்” என்பதே அவ்விடை. துரைமார் பங்களாக்களில் பிறந்த இக்கூற்று, இன்று கருத்தரங்கு மேடைகளிலும் ஒலிக்கிறது. நம்மிடையே படித்த சிலரின் நாவிலும் அது குடியேறியிருப்பதே வேதனை. இக்கூற்றை நாம் முற்றாக மறுக்கிறோம்.

ஒரு தலைமுறைக்கு முன்வரை லயக் காம்பராவிலேயே, வயது முதிர்ந்த மருத்துவிச்சியின் கைகளில் பிள்ளை பெற்ற சமூகம் இது. இன்றோ தோட்டப் பெண்களின் பிரசவங்கள் ஏறக்குறைய அனைத்தும் வைத்தியசாலையிலேயே நடைபெறுகின்றன. வைத்தியசாலை எட்டும் தூரத்துக்கு வந்ததும் அவர்கள் வந்தார்கள். தடுப்பூசி கிடைத்ததும் கை நீட்டினார்கள். அறியாமையில் மூழ்கிக் கிடப்போர் செய்யும் காரியமா இது? கேட்டது கிடைத்த இடத்தில் அவர்கள் தயங்கவில்லை. கிடைக்காத இடத்தில் மட்டும் அவர்களைக் குற்றம் கூறுவது எந்த நியாயம்?

காரணத்தை அறியச் சற்றே பின்னோக்க வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கோப்பித் தோட்டத் தொழிலாளரின் வைத்திய வசதிக்காக 1872ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1912இல் அது விரிவுபெற்றது. பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளிப்பது தோட்ட அதிகாரியின் கடமையாயிற்று. 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. அதிலும் தோட்டங்களுக்கு ஒரு தனிவழி இருந்தது: தோட்டத்தில் பிள்ளைப்பேற்று விடுதி நடத்தினால், தாய்க்குரிய காசில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம்! இச்சட்டங்கள் யாவற்றுக்கும் அடியில் ஓடும் எண்ணம் ஒன்றே: தோட்டத்துப் பெண்ணின் உடல் தோட்டத்தின் பொறுப்பு. அவளை வேலை வாங்குபவனே அவளுக்கு ஓய்வு வேண்டுமா என்பதையும் தீர்மானிப்பான். நரியிடம் ஆட்டுக்குட்டியை ஒப்படைத்து, அதனைப் பராமரிக்கும் முறையையும் எழுதிக் கொடுத்தாற்போன்றது இது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இப்பிரிவினையை இறுக்கி முடிந்தது. கிராமத்துத் தாய் வாக்காளராக இருந்தாள். அவள் வீட்டுக்கு அரசாங்க மருத்துவமாது வந்தாள். இலட்சக்கணக்கான தோட்டத் தாய்மாரோ நாடற்றவராயினர். நாடற்றவளின் வீட்டுக்கு யார் வருவார்? 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பங்கிட்டது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதே காலத்தில் பஞ்சமும் மலைநாட்டை வாட்டியது. 1974இல் தோட்டங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் மாண்டன. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. அவ்வேலை இன்றுவரை முழுமை பெறவில்லை. அரசாங்கம் பாதி, கம்பனி பாதி என்ற நிலையில் தாய் இரண்டு வாசலுக்கும் வெளியே நிற்கிறாள்.

இனி, அவளுடைய ஒரு நாளைப் பார்ப்போம். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, மூத்த பிள்ளையைப் பாடசாலைக்கும் இளையதைப் பிள்ளைக் காம்பராவுக்கும் அனுப்பி, பெரட்டுக்கு ஓட வேண்டும். நிரையில் ஏறினால் நாள் முழுதும் சரிவில் நிற்க வேண்டும். தோட்டம் கேட்கும் அளவு பதினெட்டோ இருபதோ கிலோ. அதற்குக் குறைந்தால் செக்றோலில் விழுவது அரைப்பேர். ஏழு மாத வயிற்றுடன் நிற்பவளுக்கும் தராசு ஒன்றே, கணக்கும் ஒன்றே. இரண்டு உயிரைச் சுமப்பவளுக்குத் தோட்டம் எழுதும் பேரோ அரை!

மாதந்தோறும் கிளினிக்குக்குப் போ என்று மருத்துவமாது கூறுகிறாள். போனால் அன்றைய பேர் போய்விடும். 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபா என்று பறைசாற்றினார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. 60 ரூபா வரவுக்கு; 140 ரூபா கொழுந்தின் அளவுக்கு; 30 ரூபா விலைப் பங்கு. வரவு குறைந்தாலும் கொழுந்து குறைந்தாலும் கை வைக்கப்படும் தொகை 200 ரூபா. கர்ப்பிணிக்கு இவ்விரண்டும் குறையாமல் என்ன செய்யும்? 2019இல் அவ்வூக்கத்தொகைகள் நீங்கின. 2021இல் சம்பளம் 1000 ரூபா ஆயிற்று, 2024இல் 1350. அரைப்பேர் மட்டும் அசையவில்லை. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டமோ 200 ரூபா வரவு ஊக்கத்தொகையை மறுபடியும் கொண்டு வந்தது. இம்முறை கொடுப்பது அரசாங்கம். நாம் கேட்பது இதுதான்: கர்ப்பிணி கிளினிக்கில் வரிசையில் நிற்கும் நாள், வரவா, வரவில்லையா?

பத்து மாதமும் மலை ஏறுகிறாளே, இவளுக்கு அறிவில்லையே என்பவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு நாள் பேரை இழந்தால் எத்தனை இறாத்தல் மா குறையும் என்பது அவளுக்குத் தெரியும். வேலைக்குப் போனால் உடல் தேயும். போகாவிட்டால் உலை தேயும். இவ்விரண்டுக்கும் நடுவே அவளை நிறுத்தி வைத்தவர்கள், அவளுக்கே சத்துணவைப் பற்றிப் போதிக்கிறார்கள்!

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 2018ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப்பின் எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் விடுமுறை உண்டு. தாய்க்கும் சேய்க்கும் தீங்கு விளைக்கும் வேலையைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கலாகாது என்றும் விதியுண்டு. ஆனால் எது தீங்கான வேலை? நமுனுகுலைச் சரிவில், மழையில் நனைந்த படங்கை இடுப்பில் கட்டி, கொழுந்துச் சுமையை முதுகில் தாங்கி இறங்குவது தீங்கானதா, இல்லையா? இதைத் தீர்மானிப்பவர் வைத்தியர் அல்லர். அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரியே.

பிரசவ வலி தொடங்கியபின் வேறொரு துன்பம் வருகிறது. பிரசவித்தபின் குருதி பெருகினால், சில மணிநேரத்துள் உயிர் போகும். மடுல்சீமை உச்சித் தோட்டமொன்றிலிருந்து பசறைக்கு இறங்கி, பின் பதுளைக்கு ஓடவேண்டும். ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் தொடங்கிப் பின் நாடெங்கும் பரவியது, பெரும் நன்மைதான். ஆனால் வண்டி வந்தாலும் பாதை வரவேண்டுமே! கல் பெயர்ந்த தோட்டப் பாதையில் லயம்வரை ஏற இயலாத இடங்கள் எத்தனை! 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டத்தின் மலைகள் சரிந்து பாதைகள் அறுந்தபோது, நிறைமாதத் தாய் எந்த வழியாக இறங்கியிருப்பாள்?

வாசலை அடைந்தபின் மொழி தடுக்கிறது. தமிழ் அரசகரும மொழியென அரசியலமைப்பு 1987இலேயே கூறிவிட்டது. ஊவாவின் விடுதிகளிலோ, வலியால் துடிப்பவள் தன் வலியை எடுத்துச் சொல்ல மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியிருக்கிறது. கையொப்பமிடும் படிவத்தில் எழுதியிருப்பது இன்னதென்று அறியாமல் எத்தனை தாய்மார் பெருவிரல் பதித்தனர்!

அத்தகைய படிவங்களுள் ஒன்று வரலாற்றில் நிற்கிறது. 1980களில் நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டோருக்கு அரசாங்கம் 500 ரூபா வரை ஊக்கப்பணம் அளித்தது. தோட்டத் தொழிலாளியின் ஒரு மாதக் கூலியை எட்டும் தொகை அது. வண்டி இல்லை, பாதை இல்லை என்று கூறிவந்த தோட்டங்களிலிருந்து, பெண்கள் லொறிகளில் ஏற்றிச் செல்லப்பட்டனர். தன் விருப்பத்தால் பிள்ளைப்பேற்றை நிறுத்திக்கொள்வது பெண்ணின் உரிமை. அதனை நாம் எதிர்க்கவில்லை. பிள்ளை பெறுவதற்கு வராத வண்டி, பெறாமலிருப்பதற்கு மாத்திரம் வந்த விந்தையையே சுட்டுகிறோம். அப்போது அவளுடைய அறியாமை யாருக்கும் இடையூறாகத் தோன்றவில்லை!

இது ஊவாவுக்கு மட்டும் உரிய விதியன்று. தேயிலையையும் கம்பனியையும் பொதுவாகக் கொண்ட அஸாமைப் பாருங்கள். 2007–09 காலத்தில் இந்திய மாநிலங்களுள் தாய் மரணம் மிகுந்தது அங்கேதான்: ஓர் இலட்சம் பிறப்புக்கு 390. அங்குள்ள அரசாங்கம் 2018இல், தோட்டத்துக் கர்ப்பிணிகள் வேலையை விட்டு ஓய்வெடுக்கும்பொருட்டு 12,000 ரூபாய் கூலியீடு வழங்கத் தொடங்கியது. அத்தொகை போதுமானதா என்பது வேறு கேள்வி. கர்ப்பிணி இழப்பது கூலி, ஆகவே ஈடு செய்யவேண்டியதும் கூலி என்ற உண்மையை அத்திட்டம் ஒப்புக்கொண்டது. இங்கே 2015இல் தொடங்கிய 20,000 ரூபா போசாக்குக் கொடுப்பனவு உணவுப் பொருளாகவே வந்தது; திரிபோஷாப் பொதியும் வருகிறது. உண்ணக் கொடுத்தார்கள், நல்லது. உழைப்பின் சுமையை இறக்கவில்லை.

ஆகவே நாம் கோருவன இவை. தோட்டத் தாயின் சுகாதாரம் முழுவதையும் சுகாதார அமைச்சே ஏற்க வேண்டும். கம்பனியின் தயவுக்கு அதில் இடம் கூடாது. கர்ப்பம் பதிவான நாள்முதல் முழுப்பேருடன் இலகுவான வேலை வேண்டும். கர்ப்பிணிக்கு அரைப்பேர் என்பது சட்டத்தால் ஒழிய வேண்டும். கிளினிக் நாள் வேலைநாளாகவே செக்றோலில் பதியப்பட வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் தமிழ் பேசும் அரசாங்க மருத்துவமாது இருக்க வேண்டும். படிவம் யாவும் தமிழில் இருக்க வேண்டும். லயம்வரை வண்டி ஏறும் பாதை வேண்டும்.

இவற்றுள் ஒன்று ஆசிரிய நண்பர்களின் கையிலேயே இருக்கிறது. தமிழ் பேசும் மருத்துவமாது வானத்திலிருந்து இறங்கி வரப்போவதில்லை. தோட்டப் பாடசாலையின் இன்றைய மாணவியே நாளை அவளாக வேண்டும். உயிரியலைத் தமிழில் உயர்தரம்வரை கற்பிக்கும் பாடசாலைகள் ஊவாவில் மிகச் சிலவே. அக்குறையை நீக்கப் போராடுவது ஒரு தாயின் கட்டிலருகே நின்று பணிபுரிவதற்குச் சமம். மாணவ நண்பர்கள் விடுமுறையில் லயங்களுக்குச் செல்லுங்கள். ஆனால் உபதேசத்துடன் போகாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு எத்தனை அரைப்பேர் விழுந்தது, எத்தனை கிளினிக் நாள் பறிபோயிற்று என்று கேட்டு எழுதி வாருங்கள். அக்கணக்கைத் தொழிற்சங்கங்களின் முன்னும், மாகாண சபையின் முன்னும், பாராளுமன்றத்தின் முன்னும் நாம் வைப்போம்.

அறியாமை லயத்தில் இருக்கிறதென்று இதுவரை சொல்லிக்கொடுத்தார்கள். அது கணக்கேட்டை எழுதுவோரிடமும் சட்டம் இயற்றுவோரிடமும் இருக்கிறது என்பதை எழுத்தால் நிறுவுவது நம் கடன்.