கறுப்புத் திரையில் ஏன் இந்த அவசரம்?

மவுஸ் இல்லை, ஐகான் இல்லை, 'நெக்ஸ்ட்' பட்டனும் இல்லை. ஃப்ரீபிஎஸ்டி போன்ற யூனிக்ஸை நிறுவி முடித்ததும் எதிரே நிற்பது கறுப்புத் திரையும் ஒரு லாகின் வரியும்தான். அதில் ஒரு நிரல்மொழியை ஏற்றச் சொன்னால் பல மாணவர்கள் இணையத்தில் கிடைத்த ஒரு வரியை அப்படியே ரூட்டாக அடித்துவிடுகிறார்கள். அந்த வரி ஏதோ ஒரு ஸ்கிரிப்டை இறக்கி நேரே ஷெல்லுக்குள் தள்ளிவிடும். வேலை முடிந்துவிடும். உள்ளே என்ன நடந்தது என்பது மட்டும் தெரியாது.

பழைய முறை இப்படியல்ல. 'ஃபெட்ச்' கோப்பை இறக்கும். 'ஷா256' அதன் கைரேகையைச் சொல்லும். வெளியிட்டவர் அறிவித்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 'டார்' பிரிக்கும். 'கன்ஃபிகர்' கம்பைலர் உண்டா, லைப்ரரிகள் உண்டா என்று ஒவ்வொன்றாகத் தேடும். கட்டாயமானது இல்லாவிட்டால் நின்றுவிடும், காரணம் 'கன்ஃபிக்.லாக்' கோப்பில் இருக்கும். 'மேக்' மூல நிரலைக் கம்பைல் செய்யும். 'மேக் இன்ஸ்டால்' அதை உரிய இடத்தில் கொண்டுபோய் வைக்கும். பொதுவாக ரூட் அதிகாரம் தேவைப்படுவது இந்தக் கடைசிப் படிக்கு மட்டும்தான். அதுவரை எங்கு வேண்டுமானாலும் நிறுத்திப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம்.

'பிகேஜி இன்ஸ்டால்' என்று அடித்தால் போதாதா என்று கேட்கலாம். தாராளமாக அடிக்கலாம். அதிகாரபூர்வக் களஞ்சியத்தின் கையொப்பத்தைச் சரிபார்த்துத்தான் அது ஏற்றுகிறது. அன்றாட வேலைக்கு அதுவே நல்லது.

ஆனால் கைரேகையும் கையொப்பமும் ஒத்துப்போனாலே எல்லாம் சரி என்று இருந்துவிட முடியாது. 2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்இசட் விவகாரமே சாட்சி. அந்தச் சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் வைத்தது, அதன் பராமரிப்பாளராகவே ஆகிவிட்ட ஒருவரின் கணக்கு. பின்வாசலைக் கிளப்பிவிடும் துண்டு வெளியீட்டு டார் கோப்பில் மட்டும் இருந்தது. எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. அதைப் பிடித்தது எந்த ஆன்டிவைரஸும் அல்ல. எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர்.

எல்லா நிரலையும் எல்லோராலும் படிக்க முடியாதுதான். ஆனால் படிப்பு முடிவதற்குள் ஒரு நிரல்மொழியையாவது இந்த வழியில், திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துக்கொண்டே ஏற்றிவிட வேண்டும். வழக்கமாக எப்படி ஓடும் என்று தெரிந்தவனுக்குத்தான் வழக்கத்துக்கு மாறாக ஓடும்போது சந்தேகம் வரும்.