கைப்பேசி வாத்தியார் ஆகாது

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் இணையத்தில் கிடைக்கிறது, இனி வாத்தியார் எதற்கு என்று கேட்பவர்கள் நம் பக்கத்தில் பெருகிவிட்டார்கள். அந்தக் கருமாந்திரமே வேண்டாம், சிலேட்டும் பல்பமும் போதும் என்பவர்கள் என் வயதுக்காரர்கள். பழவேற்காட்டுக் குப்பங்களின் தொடக்கப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இரண்டு கட்சியும் தப்பு.

முதலில் என் வயதுக்காரர்களுக்கு. இணையத்தில் இருப்பதெல்லாம் குப்பை என்று சொல்லாதீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001-இலேயே தொடங்கியது. அதன் தளத்தில் மழலைக் கல்வி என்றே ஒரு பகுதி உண்டு; பாட்டும் கதையும் காசில்லாமல் கேட்கலாம். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம். அவற்றை அச்செடுக்கலாம், நம் ஊர்ப் பேச்சுக்கு ஏற்ப மாற்றியும் எழுதலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை. அரவிந்த் குப்தா, தூக்கியெறிந்த தீப்பெட்டியிலும் சைக்கிள் டியூபிலும் பொம்மை செய்து பாடம் சொல்லித்தருவதைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார். நம் பாடப்புத்தகத்திலேயே 2018 முதல் க்யூ.ஆர். கோடு இருக்கிறது. இவ்வளவையும் வேண்டாம் என்பது, கரைக்கு வந்த மீனைத் திருப்பித் தண்ணீரில் விடுவது போல.

இனி அந்தப் பக்கத்தாருக்கு. 'பழம்' என்பதைப் பிள்ளை 'பயம்' என்று சொன்னால் திரைக்குக் காது கேட்காது. பென்சிலை முஷ்டி மடக்கிப் பிடித்தால் அதற்குக் கண் தெரியாது. அம்மா விடியலிலேயே மீன் ஏலத்துக்குப் போய்விட்டாள், பிள்ளை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறது என்பது எந்த வீடியோவுக்குத் தெரியும்? ஆறு வயதில் எழுத்து என்பது விரலாலும் வாயாலும் கற்பது; கண்ணால் மட்டும் கற்பதல்ல.

சோதித்துப் பார்த்துவிட்டோமே! 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, இணையம் இருந்தது. நம் குப்பங்களில் பல வீடுகளில் ஒரே ஒரு போன். அதுவும் அப்பாவோடு படகில் போய்விடும். கடைசியில் என்ன ஆயிற்று? 2021 அக்டோபரில் அரசே 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்ப வேண்டிவந்தது. மனிதர் இல்லாமல் ஆகாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அதன் பிறகு 2022 ஜூன் 13-ஆம் தேதி 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் முதல்வர் தொடங்கிவைத்தார். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பாடம் நடத்தும் முறை. நல்ல முறை. பாட்டு, கதை, பொம்மை, அட்டை எல்லாம் அதில் உண்டு. ஆனால் வாத்தியார் போனைக் கையில் எடுப்பது வீடியோ காட்டவா, மதிப்பெண் பதிவேற்றவா? பள்ளியில் இருக்கும் டீச்சர்களைக் கேட்டுப் பாருங்கள். சிக்னல் தேடி வராந்தாவுக்கும் வாசலுக்கும் நடக்கிற நேரம் பிள்ளைகளிடம் திருடிய நேரம். கற்பிக்க வந்த கருவி கணக்குப்பிள்ளை ஆகிவிட்டது. என் கோபமெல்லாம் இதன் மேல்தான்.

எது உபயோகமானது என்று பார்க்க மூன்றே கேள்வி போதும். சிக்னல் போனாலும் பாடம் நடக்குமா? திரையை அணைத்த பிறகு பிள்ளையின் கைக்கு வேலை இருக்கிறதா? அதில் நம் ஊர் இருக்கிறதா?

மூன்றாவதற்குக் கொஞ்சம் விளக்கம். வீடியோவில் பத்து பத்தாக ஆப்பிளைக் கட்டுகிறார்கள். நல்லது, யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆப்பிளை விட்டுவிடுங்கள். பத்து மட்டி ஓடு ஒரு கூறு. மூன்று கூறும் நாலு ஓடும் சேர்ந்தால் முப்பத்து நாலு. கூறு போட்டு விற்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர எத்தனை நேரம் ஆகும்? வரிசை முறை சொல்லித்தர ரயில் பெட்டி படம் எதற்கு? இன்றைக்கு யார் பாடு, நாளைக்கு யார் பாடு என்று ஏரியில் முறைவைத்து வலை போடுவது நம்மவர்களின் பழைய வழக்கம். பாட்டுக்கும் படத்துக்கும் இணையத்துக்குப் போகலாம்; பொருளுக்கு ஏரிக்கரைக்குப் போனால் போதும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், திரைச் சுரைக்காயும் அப்படியே.

இதை ஏன் இவ்வளவு காட்டமாக எழுதுகிறேன்? 'ஸ்மார்ட் கிளாஸ்' என்ற போர்டைப் பார்த்துவிட்டு, இறால் விலை ஏறும் என்று நம்பிக் கடன் வாங்கி, பிள்ளையை வேனில் ஏற்றிப் பொன்னேரிக்கு அனுப்புகிறார்கள். வேன் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் மட்டும் குப்பத்துப் பள்ளியில் மிஞ்சுகிறார்கள். எண்ணிக்கை குறையக் குறைய அந்தப் பள்ளி எத்தனை நாள் தாங்கும்? வீட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் தொடக்கப் பள்ளி வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அந்த உரிமையை ஒரு டி.வி. பெட்டிக்காக நாமே கைவிடலாமா?

அதிகாரிகளுக்கு ஒன்று: பதிவேற்றும் வேலையை வாத்தியாரிடமிருந்து எடுங்கள், எந்த வீடியோ வேண்டும் என்பதை அவரிடம் விடுங்கள். தாத்தா பாட்டிகளுக்கு ஒன்று: பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்துக்கு உங்கள் மகனை, மருமகளைத் தள்ளியாவது அனுப்புங்கள். எத்தனை கம்ப்யூட்டர் வந்தது என்று கேட்கச் சொல்லாதீர்கள். "என் பிள்ளை நேற்று எத்தனை வரி தானாக வாசித்தது?" என்று கேட்கச் சொல்லுங்கள்.