தண்ணீர் எங்கே போயிற்று?

பெலிஹுல்ஓயாவைக் கடந்து, ஹல்துமுல்லை வழியாகப் பெரகலைச் சந்திக்கு ஏறி, அங்கிருந்து ஹப்புத்தளைக்குத் திரும்பும் வீதியில் பயணம் செய்த வாசகர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். வளைவோரத்தில் ஒரு கார் நிற்கும், முன்மூடி திறந்திருக்கும், ஆவி எழும். சாரதி வெற்றுப் போத்தலுடன் பாறையோரப் பீலியை நோக்கி நடப்பார். நீர் வார்த்ததும் வண்டி புறப்பட்டுவிடும். வண்டிக்கு அத்தாகம் ஏன் வந்தது என்று எவரும் கேட்பதில்லை.

வளைவுக்கு வளைவு நீர் கிடைப்பதே அக்கேள்வியை எழவிடாமற் செய்கிறது என்பது என் எண்ணம். நம் பாட்டன்மார் காலத்து பஸ்களும் லொறிகளும் ஏற்றத்தில் நீரை ஆவியாக இழப்பது இயல்பு. வழியில் நிரப்புவது வழக்கம். வண்டி மாறிவிட்டது; வழக்கம் மாறவில்லை. இன்றைய வண்டியில் குளிர்திரவம் மூடிய சுற்றிலேயே ஓடுகிறது. எஞ்சினிடம் வெப்பத்தை வாங்கி, றேடியேற்றரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டு மீள்கிறது. அது அடிக்கடி குறையுமாயின் எங்கோ ஒழுகுகிறது, அல்லது கொதித்து வெளியேறுகிறது. மூன்றாவது வழி இல்லை.

கடல் மட்டத்தில் நீர் 100 பாகையிற் கொதிக்கும். 1,400 மீற்றருக்கு மேல் உயர்ந்த ஹப்புத்தளையிலோ ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடும். எஞ்சின் வேலை செய்வது 90 பாகையை ஒட்டி. எவ்வளவு குறுகிய இடைவெளி, பாருங்கள்! அதை விரிப்பது றேடியேற்றரின் மூடி. உள்ளே அமுக்கத்தைத் தேக்கி, கொதிநிலையை ஏறக்குறைய 120 பாகைக்கு உயர்த்துவது அதுவே. அதன் இறப்பர் வளையம் நைந்துபோனால், வேறு பழுதொன்றும் இல்லாமலே வண்டி மலையிற் கொதிக்கும். ஆகவே முதலிற் சந்தேகிக்க வேண்டியது அந்த மலிவான மூடியையே.

சூடாயிருக்கையில் அதைத் திறப்பது எமனைக் கூப்பிடுவதற்கு ஒப்பாகும். அமுக்கம் நீங்கிய கணமே நீர் ஆவியாய்ச் சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். அரை மணி நேரமாவது பொறுத்திருந்து, மேற்குழாயைக் கையாற் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பின்னரே துணியைச் சுற்றித் திறக்கவேண்டும். கொதிக்கும் எஞ்சினிற் குளிர்ந்த நீரை வார்த்தால் அதன் தலைப்பாகம் வெடிக்கவும் கூடும்.

எப்பொழுது சூடேறுகிறது என்பதைக் கவனித்தால் பாதி நோய் தெரிந்துவிடும். பண்டாரவளைக் கடைத்தெருவில் நிற்கும்போது ஏறி, ஓடும்போது தணிந்தால் விசிறியைப் பாருங்கள். ஏற்றத்தில் மட்டும் ஏறினால் றேடியேற்றர் அடைபட்டிருக்கலாம். புறப்பட்ட சில நிமிடங்களில் முள் சிவப்பைத் தொட, றேடியேற்றரோ குளிர்ந்தே கிடந்தால், வழியைத் திறந்துவிட வேண்டிய தேமோஸ்டற் மூடியபடியே சிக்கிக்கொண்டது எனலாம்.

ஒழுக்கைக் காண இரவில் வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்துவையுங்கள். நிறமும் இனிய வாடையும் உள்ள துளி குளிர்திரவம். நிறமற்ற, மணமற்ற துளி ஏசியின் நீர், அதற்கு அஞ்சவேண்டாம். குழாய் இணைப்புகளிற் படியும் பூப்பையும் நீர்ப்பம்பின் கீழுள்ள கறையையும் தேடுங்கள். முன்னாசனத்தின் காலடி விரிப்பு நனைந்து, கண்ணாடியில் இனிய வாடையுடன் பனிபடர்ந்தால், உள்ளே வெப்பமூட்டும் சுருள் ஒழுகுகிறது. வெளியில் ஒரு துளியும் காணாமல் மட்டம் மட்டும் இறங்குவதே கொடியது. எண்ணெய் பால் தேநீர் போல் மாறினால், அல்லது எஞ்சின் நன்கு சூடான பின்னும் வெண்புகை நில்லாதிருந்தால், தலைப்பாகத்தின் கஸ்கற் பழுதாகியிருக்கலாம். குளிர்காலைகளில் முதற் சில நிமிடங்கள் தோன்றும் ஆவி வேறு. கஸ்கற் போன வண்டியை மேலும் ஓட்டலாகாது.

"பீலித் தண்ணீர் சுத்தமானதுதானே, சேர்?" என்று மாணவர் ஒருவர் கேட்டார். குடிப்பதற்குச் சரி, எஞ்சினுக்கு அன்று. வார்க்கும் ஒவ்வொரு போத்தலும் குளிர்திரவத்தை நீர்க்கச் செய்கிறது. துருவைத் தடுக்கும் மருந்து அதில் மெலிய, துரு வளர்ந்து நுண்குழாய்களை அடைக்கிறது, அரித்தும் விடுகிறது. இன்றைய ஒழுக்கை மறைக்கும் நீரே நாளைய ஒழுக்கை உண்டாக்குகிறது! ஆபத்துக்கு வார்க்கலாம், ஊர் சேர்ந்ததும் கழுவி, உரிய திரவத்தை நிரப்பிவிட வேண்டும். அத்திரவம் இனிக்கும் நஞ்சு. குடிபானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். சிந்தினால் குழந்தைகளும் நாய்களும் தீண்டுமுன் கழுவிவிடுங்கள்.

நள்ளிரவில் தோட்டத்திலிருந்து பிள்ளைத்தாய்ச்சியைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்வதும் இத்தகைய வான்களே. அவ்வேளையில் பீலி தேடி நிற்க முடியுமா? வான் வைத்திருப்போர் வாரம் ஒரு முறை, காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, சேமிப்புப் போத்தலின் மட்டத்தைப் பார்த்து ஒரு கோடு கீறி வைக்கட்டும். அடுத்த வாரம் நீர் அக்கோட்டுக்குக் கீழே நின்றால், ஏற்றத்தில் இறங்குமுன் கராஜுக்குப் போகட்டும். வழியில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்தி, வெப்பமூட்டியைத் திறந்து, கியரைக் குறைத்து மெல்ல ஏறலாம். சிவப்பைத் தொட்டால், எத்தனை அவசரமாயினும், ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டியதுதான்.