பண்டிகையின் பூர்வோத்தரம்

டிசம்பர் பிறந்து, பாளையத்துத் தேவாலயத்தின் சுற்றுப்புறத்திலும் சாலைக் கடைத்தெருவிலும் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கியவுடன், அவற்றைக் கண்டு மகிழ்கிறவர்களுக்கு நடுவே, “இதெல்லாம் மேனாட்டுச் சரக்கு, நமக்கு எதற்கு?” என்று முகம் சுளிக்கிறவர்களும் திருவனந்தபுரத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். ஒரு சம்பிரதாயம் ஜனித்த ஸ்தலத்தை வைத்து அதன் பாத்தியதையை நிர்ணயிக்க முற்படும் இவ்வாதம், பூர்வோத்தரத்தைச் சற்று விசாரித்தால் நிற்காது என்பது என் அபிப்பிராயம்.

ஆங்கிலேயருடைய குலதனம் என்று நாம் எண்ணும் கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மானிய வழக்கம். விக்டோரியா ராணியும் ஜெர்மனியிலிருந்து வந்த அவர் கணவர் ஆல்பர்ட்டும் தம் குழந்தைகளோடு அதைச் சூழ்ந்து நிற்கும் சித்திரம் 1848-இல் லண்டன் பத்திரிகையொன்றில் வெளியான பின்னரே அது அங்கே சாமானியர் வீடுகளிலும் வெகுவாகப் பரவியது. நாம் அதற்குப் பதிலாக நட்டுவைக்கும் சவுக்குக் கிளையோ, அதுவும் அயல்நாட்டிலிருந்து நம் கடற்கரைக்குக் கொண்டுவந்து வளர்த்த மரந்தான்!

நட்சத்திரத்தின் கதை இன்னும் விசித்திரமானது. பல முனைகளோடு மடித்து ஒட்டப்படும் பிரசித்தமான காகித நட்சத்திரம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஜெர்மனியின் நீஸ்கி என்னும் ஊரில் மொராவியச் சபை என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய பள்ளியிலே, க்ஷேத்திர கணிதம் கற்பிக்கும் உபாயமாகத் தோன்றியது. அச்சபையார் 1760-இலேயே நம் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறியவர்கள் ஆகையால், அவர்களே அதை இங்கு கொண்டுவந்தார்கள் என்று ஒரு ரஸமான கதை கட்டிவிடலாம். ஆனால் நட்சத்திரம் பிறக்கும் முன்பே, 1803-க்குள், அவர்கள் தரங்கம்பாடியை விட்டுப் போய்விட்டார்களே!

எனக்கு மிகவும் பிரியமான சாட்சியம் தலைச்சேரியில் இருக்கிறது. பர்மாவிலிருந்து திரும்பி 1880-இல் அங்கே பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கிய மாம்பள்ளி பாபுவிடம், 1883 டிசம்பரில், அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்தின் உரிமையாளர் பிரவுன் துரை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ஒரு கேக்கைக் கொடுத்து, அதைப் போலவே ஒன்று செய்துதர முடியுமா என்று கேட்டாராம். உயர்ந்த பிராந்தியை மாஹியில் வாங்கிக்கொள்ளலாம் என்று துரை யோசனை சொல்லியும், பாபு அதை நாடாமல், முந்திரிப் பழத்தையும் கதலிப் பழத்தையும் புளிக்கவைத்து வடித்த உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்து, தர்மடத்துக் கொல்லர் ஒருவரிடம் அச்சு வார்ப்பித்துக் கேக்கைச் சுட்டார் என்றும், துரை அதை ருசி பார்த்துவிட்டு இன்னும் ஒரு டஜனுக்கு உத்தரவு கொடுத்தார் என்றும் அக்குடும்பத்தார் சொல்லி வருகிறார்கள். செய்தவர் கிறிஸ்தவர் அல்லர். அவருடைய சந்ததியார் கேரளத்தின் பல ஊர்களில் பேக்கரிகள் வைத்தார்கள். நம் நகரத்து சாந்தா பேக்கரியும் அவ்வழி வந்ததே. இங்கிலாந்திலோ இப்பலகாரத்தின் மூதாதை, உலர்ந்த பழங்களோடு இறைச்சியையும் இட்டுக் காய்ச்சிய ஒருவகைக் கஞ்சி! இவ்விரண்டில் எதை மூலம் என்று கொள்வது?

இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் சித்திரிக்கும் புல்கூட்டின் விஷயமும் இத்தன்மையதே. 1223-இல் இத்தாலியின் கிரெச்சோவில் அஸிஸியின் பிரான்சிஸ் அமைத்த காட்சியில் வைக்கோலும், உயிருள்ள எருதும் கழுதையும் இருந்தன. பொம்மைகள் பிற்காலத்தில் சேர்ந்தவை. வெளியூர்ச் சரக்கென்று அவற்றை ஒதுக்குகிறவர்கள், பண்ருட்டிப் பக்கத்துக் குயவர் வீடுகளுக்கு ஒருமுறை போய்வரலாம். நவராத்திரிக் கொலுவுக்கான தெய்வ உருவங்களுக்கு வர்ணம் தீட்டி அனுப்பிய அதே கைகள், அடுத்த இரண்டு மாதங்களில் மரியாளையும் சூசையப்பரையும் இடையர்களையும் அச்சில் அழுத்திக்கொண்டிருப்பதை அங்கே காண்பார்கள்.