சிறப்பு விருந்தினரிடம் என்ன கேட்கலாம்? மதுரை சொல்லித்தரும் 3 தலைமைப் பாடங்கள்!

மதுரையில் டி.என்.பி.எஸ்.சி, யு.பி.எஸ்.சி தேர்வுகளுக்குத் தயாராகும் மாணவர்களைச் சந்திக்க அவ்வப்போது சிறப்பு விருந்தினர்கள் வருவதுண்டு. பொன்னாடை, நினைவுப்பரிசு, கைதட்டல் எல்லாம் முடிந்ததும் பெரும்பாலும் வரும் முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சார் படிச்சீங்க?"

தேர்வில் ஜெயிக்க அது தேவையான கேள்விதான். ஆனால், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு? அதற்கான பாடம் மூன்று பேரின் வாழ்க்கையில் இருக்கிறது. மூவருமே மதுரை மண்ணில் பணியாற்றியவர்கள்.

1. இடமாற்றம் முடிவல்ல!

'லஞ்சம் தவிர்த்து நெஞ்சம் நிமிர்த்து' என்ற வாசகத்தால் அறியப்பட்டவர் உ.சகாயம் ஐ.ஏ.எஸ். மதுரை கலெக்டராக இருந்தபோது, கிரானைட் குவாரி முறைகேடுகளால் அரசுக்கு 16 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பு என்று 2012 மே மாதம் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதே மாதம் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றப்பட்டார். அவர் அங்கே சும்மா இருக்கவில்லை. 'வேட்டி தினம்' என்ற யோசனையைக் கொண்டுவந்து, நெசவாளர் பக்கம் மக்களின் கவனத்தைத் திருப்பினார். எந்த நாற்காலி என்பதைவிட, அதில் உட்கார்ந்து என்ன செய்கிறோம் என்பதே முக்கியம்.

2. தலைமைக்கு டிகிரி வேண்டாம்!

அழகர்கோவில் பக்கம் உள்ள புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலித் தொழிலாளி. வயல் வேலைக்குப் போகும் பெண்களுக்காகக் கூலி பேசும் கொத்துத் தலைவியாக இருந்தவர். கந்துவட்டியில் சிக்கிய பெண்களைக் 'களஞ்சியம்' சேமிப்புக் குழுக்களில் ஒன்றுசேர்த்தார். 2001-ல் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய், அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. இத்தனைக்குப் பிறகும், தனக்கு வீடு இல்லை என்று 2024-ல் அவர் சொன்னது செய்தியானது. அதன் பிறகே தமிழக அரசு வீடு வழங்க உத்தரவிட்டது. ஊருக்கு உழைத்தவரின் தேவையை, அவர் வாய்விட்டுச் சொல்லும் முன்பே கவனிக்க வேண்டியவர்கள் யார்? நாளைய அதிகாரிகள் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

3. ஆளை அல்ல, முறையை உருவாக்குங்கள்!

அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் டாக்டர் ஜி.வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர், அந்தக் கைகளாலேயே அறுவை சிகிச்சை செய்யப் பழகியவர். கட்டணம் தருபவர்களின் வருமானத்தில் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை என்பது அவர் வகுத்த வழி. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, மருத்துவர்களுக்குத் துணையாக்கினார்கள். 2006-ல் அவர் மறைந்தார். மருத்துவமனை நிற்கவில்லை, வளர்ந்தது. தான் இல்லாதபோதும் வேலை நடக்கும்படி செய்பவர்தான் நல்ல தலைவர்.

அடுத்த முறை உங்கள் வகுப்புக்கு ஒரு விருந்தினர் வந்தால், படித்த மணிக்கணக்கோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "முடியாது என்று நீங்கள் சொன்னது எப்போது? அதற்காக எதை இழந்தீர்கள்?" தேர்வில் இந்தக் கேள்வி வராது. பணியில் சேர்ந்த முதல் வாரமே வரலாம்!